அலைச்சறுக்குப் பலகை: உள்ளூர்ப் பட்டறைகள் தடுமாறுவது ஏன்?

அலைச்சறுக்கு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது கலிஃபோர்னியா. ஆனால் அங்கேயே, பலகையைக் கையால் இழைத்துத் தரும் சிறு பட்டறைகளுக்குப் பிழைப்பு லேசுப்பட்டதில்லை.

ஏன்?

மூலப்பொருள்: பலகையின் உள்ளே இருப்பது ஃபோம். அமெரிக்கப் பட்டறைகளில் பெரும்பாலானவை அதை வாங்கியது கிளார்க் ஃபோம் என்ற ஒரே நிறுவனத்திடம். 2005 டிசம்பர் 5ஆம் தேதி அது திடீரென மூடப்பட்டது. ஃபோம் விலை எகிறியது.

போட்டி: தாய்லாந்து, சீன ஆலைகளில் மொத்தமாகத் தயாராகும் பலகைகளுக்கு அது வசதியாகிப்போனது. அவற்றின் விலையும் மலிவு.

உடல்நலம்: இழைக்கும்போது தூசு, பிசின் பூசும்போது நெடி. முகக்கவசம் இல்லாவிட்டால் நுரையீரலுக்கு ஆபத்து.

அப்படின்னா, இந்தத் தொழில் எதற்கு?

உங்கள் எடை என்ன, எந்த அலையில் சறுக்குவீர்கள் என்று கேட்டுக் கேட்டுப் பலகை செய்பவர் பட்டறைக்காரர்தான். பட்டறை மூடினால் அந்தக் கைப்பக்குவமும் போய்விடும்.