பதற்ற நோய்க்குத் திரைவழிச் சிகிச்சை எப்படிப் பலிக்கிறது?

ஆறு மாதத்துக்கு மேல் எதற்கெடுத்தாலும் கவலை, தூக்கமின்மை. இப்படித் தவிக்கும் சித்தூர்க்காரர் திருப்பதி ரூயா மருத்துவமனைக்கோ வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ வாராவாரம் பஸ் ஏறியே ஆக வேண்டுமா?

தேவையில்லை. பதற்றத்துக்குத் தரப்படும், 1960களில் மனநல மருத்துவர் ஆரோன் பெக் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டில்தான் நடக்கிறது. ‘மகன் போனை எடுக்கவில்லை, விபத்துதான்’ என்ற எண்ணத்தை எழுதுவது. மறுபடி அழைக்காமல் அரைமணி பொறுப்பது. பயந்தது நடந்ததா என்று குறித்துக்கொள்வது. பயம் பலமுறை பொய்த்த பின்பே மனம் தன் கணிப்பை மாற்றுகிறது. இந்தப் பயிற்சி வீட்டிலேயே நடப்பதால்தான், சிகிச்சையாளர் தொடர்ந்து வழிநடத்தினால் திரைவழிச் சிகிச்சையின் பலனும் நேர்ச்சந்திப்புக்கு ஏறக்குறைய ஈடாகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வழிநடத்த ஆளில்லாச் செயலியைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

சித்தூர் போன்ற ஆந்திர எல்லையோர ஊர்களின் தமிழருக்குத் தாய்மொழியில் பேச ஆள் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், 14416 எண்ணில் தமிழிலும் தெலுங்கிலும் இலவச ஆலோசனை தருகிறது. அது முழுச் சிகிச்சை அல்ல; முதல் படி. தற்கொலை எண்ணம் வந்தால் உடனே நேரில் மருத்துவரைப் பாருங்கள்.