பளிங்கின் நிறமும் இரும்பின் லீலையும்

மலேசியாவில் புக்கிட் தெங்காவைக் கடந்து தெற்கே செல்லும் இருப்புப் பாதை ஈப்போவை அணுகுகையில், கிந்தா பள்ளத்தாக்கிலே செங்குத்தாய் எழும் சுண்ணாம்புக் குன்றுகளையும், தைப்பூசத்துக்குப் பெயர்பெற்ற கல்லுமலைக் கோயில் அமைந்த குன்றையும் தரிசித்த நேயர்கள், அவற்றின் வெண்முகத்திலே செம்மையும் மஞ்சளுமாய்ப் படிந்த கறைகளைக் கண்டிருப்பார்கள். அது இரும்பின் கைவண்ணம்.

பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த கருங்கற் குழம்பின் உஷ்ணத்தால் சுண்ணாம்புக்கல் பளிங்காகிறது. சுத்தமான பளிங்கு வெண்மையே. அதில் சொற்பமான இரும்பு கலந்தாலும் வர்ணம் மாறிவிடும். நீரற்ற ஆக்சைடாகிய ஹெமடைட், இத்தாலியின் வெரோனாக் கல்லுக்குச் செந்நிறம் அளிக்கிறது. (அது பளிங்கன்று, வெறும் சுண்ணாம்புக்கல்லே என்பர் புவியியலார், வணிகர் செவிசாய்ப்பதில்லை.) நீர் சேர்ந்த கோதைட் என்னும் கனிமமோ சியன்னாப் பளிங்குக்குப் பொன்மஞ்சளை ஈகிறது. ராஜஸ்தானத்து ரிஷபதேவில் வெட்டப்படும் பச்சைக்கல்லில், சர்ப்பெண்டைன் கனிமத்துக்குள் புகுந்த இரும்பே பசுமைக்குக் காரணம்.

மஞ்சளும் சிவப்பும் நிரந்தரமாய்ப் பிரிந்தவை அல்ல; வெப்பத்தில் கோதைட் தன் நீரை இழந்து ஹெமடைட்டாகிவிடுமாதலால், வட ஆப்பிரிக்காவிலிருந்து ரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்ட மஞ்சட் பளிங்கு, நெருப்புப்பட்ட இடங்களில் சிவந்து காணப்படுகிறது.