கண்டக்டரான மருத்துவ மாணவர்

கண்டக்டர் என்றதும் பேருந்தில் டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர்தான் நம்மில் பலருக்கு நினைவில் வருவார். மருத்துவராகப் போகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கும் மகன், படிப்பை விட்டுவிட்டுக் கண்டக்டர் ஆகப் போகிறேன் என்று வந்து நின்றால் எந்த வீட்டில்தான் பதற்றம் இருக்காது? பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் 1954-ஆம் ஆண்டு ஏறக்குறைய அதுதான் நடந்தது. செயின்ட் சேவியர் கல்லூரியில் மருத்துவத்துக்காகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்த 18 வயது இளைஞர், இசை கற்க வியன்னாவுக்குக் கப்பலேறினார். அவர் பெயர் ஜூபின் மேத்தா.

இதில் தந்தையைக் குறை சொல்லவும் வழியில்லை. தந்தை மேலி மேத்தாவே வயலின் கலைஞர். 1935-ல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். மறு ஆண்டு பிறந்த மகன் வளர்ந்ததே ஒத்திகைச் சத்தத்தின் நடுவில்தான். தந்தைக்குப் பதிலாகக் குழுவின் ஒத்திகையை நடத்தியபோது ஜூபினுக்கு வயது 16. இப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பையனை உயிரியல் கூடத்தில் கட்டிப் போட்டால் எத்தனை நாள் இருப்பான்?

சரி, மேடையில் நின்று குச்சியை ஆட்டும் இவர் உண்மையில் என்னதான் செய்கிறார்? நூறு பேர் வாசிக்கிறார்கள். சத்தமே எழுப்பாதவர் அவர் ஒருவர்தான். கைதட்டலில் பெரும்பங்கும் அவருக்கே. நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒலி ஒரு விநாடியில் சுமார் 340 மீட்டர் செல்லும். மேடையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் 20 மீட்டர் இருந்தால், அங்கே அடிக்கும் முரசு இங்கே வயலின்காரரின் காதுக்கு வர 0.06 விநாடி ஆகிறது. காதை மட்டும் நம்பி வாசித்தால் குழு மெல்ல மெல்லச் சிதறும். கண்ணால் பார்க்கும் ஒரே தாளம் வேண்டும். அதைத் தருவது நடத்துநரின் வலது கை. எங்கே மென்மை, எங்கே வேகம், எந்தக் கருவி இப்போது உள்ளே வரவேண்டும் என்பதைப் பெரும்பாலும் இடது கை சொல்கிறது.

ஆனால் இது பாதி வேலைகூட இல்லை. வயலின்காரரின் முன்னால் இருக்கும் தாளில் அவர் வாசிக்க வேண்டிய வரி மட்டுமே இருக்கும். நடத்துநரின் புத்தகத்திலோ எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒரே பக்கத்தில் இருபதுக்கும் மேல் அடுக்கப்பட்டிருக்கும். அத்தனையையும் மனத்துக்குள் ஒலிக்கவிட்டுப் பார்த்த பிறகே அவர் ஒத்திகைக்கு வருகிறார். இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பின்னால் மாதக்கணக்கான தனிப்படிப்பு உண்டு. ரசிகர்கள் பார்ப்பது கடைசி மேடையை மட்டுமே.

வியன்னாவில் மேத்தாவின் ஆசிரியர் ஹன்ஸ் ஸ்வரோவ்ஸ்கி. கையசைவின் அழகைவிட, இசைப் படைப்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதில் கண்டிப்பானவர். மேத்தா கையில் எடுத்த கருவி டபுள் பாஸ், ஆளுயரத்துக்கு நிற்கும் பெரிய தந்திக் கருவி. பின்வரிசையில்தான் இடம் என்றாலும், முழுக் குழுவையும் நடத்துநரின் முகத்தையும் ஒன்றாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் ஏது? பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளுக்கு வெளியாட்களை விடமாட்டார்கள். மேத்தாவும் சக மாணவர் கிளாடியோ அப்பாடோவும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டார்கள்! கராயன் போன்றவர்கள் ஒத்திகை நடத்தும்போது, பின்னால் நின்று பாடிக்கொண்டே பார்த்துக் கற்றார்கள். அப்பாடோவும் பின்னாளில் உலகப் புகழ்பெற்றார்.

1956-ல் ஹங்கேரி எழுச்சி நசுக்கப்பட்டு அகதிகள் ஆஸ்திரியாவுக்குள் வந்தபோது, மேத்தா ஒரே வாரத்தில் மாணவர்களைத் திரட்டி அகதி முகாமில் கச்சேரி நடத்தினார். 1958-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த அனைத்துலகப் போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. ஓராண்டு துணை நடத்துநர் வேலையும் சேர்ந்து வந்தது. அதன் பிறகுதான் உண்மையான சோதனை. பரிசு பெற்ற இளைஞர்கள் உலகில் ஏராளம். அவர்களைக் கூப்பிட யார் இருக்கிறார்கள்?

மேத்தாவுக்குக் கதவு திறந்தது பிறர் வர முடியாமல் போனதால்தான். 1960-ல் மாண்ட்ரியலில் இகோர் மார்கெவிச்சுக்குப் பதிலாக நின்றார். மறு ஆண்டு லாஸ் ஏஞ்சலஸில் ஃபிரிட்ஸ் ரைனருக்குப் பதில். அதே 1961-ல் இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கில் யூஜின் ஆர்மண்டிக்குப் பதில். மூன்று இடமும் பின்னாளில் அவருக்கே சொந்தமாயின. இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருவர் உடல்நலம் குன்றினால், அடுத்தவர் சில நாள்களில் அதே மேடையில் நிற்க வேண்டும். வாசிப்பவர்களோ அவரைவிட இரண்டு மடங்கு வயதுடைய அனுபவசாலிகள். ஒத்திகை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இளைஞருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று கணித்துவிடுவார்கள். தெரியாமல் இருந்திருந்தால் அந்த அதிர்ஷ்டமே அவரை முடித்திருக்கும்.

லாஸ் ஏஞ்சலஸ் குழுவுக்கு அப்போது ஜார்ஜ் சோல்ட்டி தலைமையேற்க இருந்தார். தம்மைக் கேட்காமல் மேத்தாவைத் துணையாக நியமித்ததால் அவர் கோபித்துக்கொண்டு விலகினார். 1962-ல் அந்த நாற்காலி 26 வயது மேத்தாவுக்கு வந்தது. 1961 முதல் மாண்ட்ரியலும் அவர் கையில் இருந்ததால், 1967 வரை இரண்டு நகரங்களுக்கும் பறந்துகொண்டிருந்தார்.

இளவயதுப் புகழுக்கு வாய்த்துடுக்கும் துணை வந்தது. நியூயார்க் பில்ஹார்மோனிக்கைப் பற்றி 1967-ல் அவர் ஏளனமாகப் பேசியது பத்திரிகையில் வந்து, மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவே 1978-ல் அவரைத் தலைமைக்கு அழைத்தது. 1991 வரை 13 ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தக் காலத்தில்தான் ரவிசங்கரின் இரண்டாவது சித்தார் கான்செர்ட்டோ (1981), சென்னையில் பிறந்த வயலின் மேதை டாக்டர் எல். சுப்பிரமணியத்தின் படைப்பு (1985) ஆகியவை அந்த மேடையில் ஒலித்தன. எழுதியதை எழுதியபடி வாசிக்கும் குழுவும், நினைத்த இடத்தில் ராகத்தை விரிக்கும் கலைஞரும் ஒன்றாக முடிக்க வேண்டும். குச்சிக்குக் கடுமையான வேலை அது.

அவர் மிக நீண்ட காலம் கட்டுண்டு கிடந்தது இஸ்ரேல் பில்ஹார்மோனிக்கிடம். அதுவும் அவரைப் போலவே 1936-ல் பிறந்தது. ஐரோப்பாவில் வேலை பறிக்கப்பட்ட யூதக் கலைஞர்களைக் கொண்டு அமைந்த குழு. நாஜிகள் கொண்டாடிய வாக்னரின் இசையை அது 1938 முதல் தொடவில்லை. வாக்னர் இல்லாமல் நவீன இசையைப் புரிந்துகொள்ள முடியாது என்பது மேத்தாவின் கட்சி. 1981 அக்டோபரில் டெல் அவிவ் கச்சேரி முடிந்ததும், அடுத்து வாக்னர், விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம் என்று அறிவித்தார். கூச்சல் எழுந்தது. ஒருவர் மேடையேறித் தம் உடலின் தழும்புகளைத் திறந்து காட்டினார். இசை வரலாற்றின்படி மேத்தாவின் வாதம் சரியாகவே இருக்கலாம். ஆனால் தழும்பைக் காட்டி நிற்பவரிடம் எந்த வாதம் எடுபடும்? அந்தத் தடையை மேத்தாவால் உடைக்க முடியவில்லை. நூறு பேரை ஒரு விரலசைவில் நிறுத்தக்கூடியவரின் அதிகாரம் அந்த இடத்தில் நின்றுபோனது.

மறக்கக்கூடாத மேடைகள் இன்னும் உண்டு. 1990-ல் ரோமாபுரியில் மூன்று டெனர் பாடகர்களின் கச்சேரி அவரை வீட்டுத் தொலைக்காட்சி வரை கொண்டுவந்தது. 1994-ல் குண்டுகளால் எரிந்துபோன சரயேவோ தேசிய நூலகத்தின் இடிபாடுகளில் மோசார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார். 2005 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் முதலாண்டு நினைவு நாள். அன்று பவேரிய அரசு இசைக்குழுவுடன் சென்னை மியூசிக் அகாடமியில் நின்றார். கர்நாடகக் கச்சேரிகள் களைகட்டும் மார்கழியில், அந்த மேடையில் அன்று ஜெர்மானியர்கள் வாசித்தார்கள்.

இத்தனை நாடுகளில் வாழ்ந்தும் அவர் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. 2001-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. மேலி மேத்தாவோ லாஸ் ஏஞ்சலஸில் 1964-ல் இளையோர் இசைக்குழு ஒன்றைத் தொடங்கி, 33 ஆண்டுகள் பிள்ளைகளைப் பயிற்றுவித்துவிட்டு 2002-ல் காலமானார்.

2019 அக்டோபரில், 83 வயதில், ஜூபின் மேத்தா இஸ்ரேல் குழுவின் தலைமையிலிருந்து விடைபெற்றார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு வந்தவர் 1989-ல் பிறந்த லஹவ் ஷானி. அவரும் அதே குழுவின் பின்வரிசையில் நின்று டபுள் பாஸ் வாசித்தவர்தான்.