591 – 458: நிராகரிக்கப்பட்ட ஒரு மெர்ஜ் ரிக்வெஸ்ட்



போன எபிசோடில் ஓப்பன் சோர்ஸ் புரொஜெக்ட்களை உண்மையில் யார் நடத்துகிறார்கள் எண்டு கதைச்சோம், ஞாபகம் இருக்கா? கோட் எழுதுபவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரியும். காசுக் கணக்குப் பார்ப்பவர்களை, கூட்டம் கூட்டுபவர்களை ஒருத்தருக்கும் தெரியாது. ரெக்கார்டிங் முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. யூனியில் படிக்கும்போது நான் லண்டன் கணிதச் சங்கத்தில் சேர்ந்தேன். ஒவ்வொரு இலையுதிர் காலமும் கவுன்சில் தேர்தலுக்கு இமெயில் வரும். போன வருசம் வந்ததை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவர் எங்கட ஊர்ச் சங்கத்தில் பதினைந்து வருசம் பொருளாளராக இருந்தவர். ஏஜிஎம்மில் கதிரை தூக்கின கதை எல்லாம் அவரிடம் இருக்கு.

"சந்தா கட்டுறாய், வோட்டுப் போடமாட்டியோ? அப்ப நீ மெம்பர் இல்லைப் பிள்ளை, கஸ்டமர்."

அது சுட்டுவிட்டது. அதனால்தான் இந்தச் சங்கத்தின் கதையைத் தோண்டிப் பார்த்தேன்.

1865 ஜனவரியில், லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் தொடங்கிய சங்கம் இது. யோசனை ஒரு பேராசிரியருடையது அல்ல. ஜார்ஜ் டி மோர்கன், ஆர்தர் ரான்யார்ட் என்ற இரண்டு இளைஞர்களுடையது. ஜார்ஜின் அப்பா அகஸ்டஸ் டி மோர்கன் முதல் தலைவரானார். கோடிங் செய்கிறவர்களுக்கு இவரைத் தெரிந்திருக்கும். ஒரு கண்டிஷனில் 'நாட்' போட்டு அடைப்புக்குறியை உடைத்தால் 'ஆன்ட்' எல்லாம் 'ஓர்' ஆகுமே, அந்த விதி அவருடைய பெயரில்தான் இருக்கு. இன்னொரு விசயம்: அவர் பிறந்தது மதுரையில், 1806இல். அதுக்காக "நம்மட ஆள்" எண்டு கொடி பிடிக்க வேண்டாம். ஏழு மாதக் குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

உண்மையான நம்மட ஆள் ராமானுஜன். 1917 டிசம்பரில் இந்தச் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. ராயல் சொசைட்டி அதற்கு அடுத்த வருசம்தான். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது 1915இல் நடந்தது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். 12, 24, 60 எல்லாம் அப்படிப்பட்ட எண்கள். 12க்கு ஆறு வகுத்திகள், 60க்குப் பன்னிரண்டு. சங்கத்தின் ஆய்விதழில் அது வெளிவந்தது, ஆனால் முழுசாக இல்லை. அப்போது சங்கத்துக்குப் பணக் கஷ்டம். அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். அந்தப் பகுதி அச்சில் வந்தது 1997இல். 82 வருசம் கழித்து!

யோசிச்சுப் பாருங்கோ. பொருளாளரின் கணக்குப் புத்தகம் தீர்மானித்தது ஒரு மண்டப வாடகையை அல்ல. ராமானுஜனின் எந்தப் பக்கங்களை உலகம் படிக்கும் என்பதை.

இப்போது தலைப்பில் உள்ள எண்களுக்கு வருவோம். பிரிட்டனில் இன்னொரு அமைப்பும் உண்டு: 1964இல் தொடங்கிய கணிதமும் பயன்பாடுகளும் நிறுவனம். தொழில்துறையில் வேலை செய்யும் கணிதக்காரர்கள் அங்கே நிறைய. இரண்டையும் ஒன்றாக்கலாமா என்று எட்டு வருசம் பேசினார்கள். 2008 ஜூலையில் திட்டம் வெளிவந்தது. இரண்டு கவுன்சில்களுமே "சேரலாம்" என்று பரிந்துரைத்தன. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்பவர்களிடம் ஒரே குரலில் பேசலாம் என்பது அவர்களின் வாதம். மறுபக்கத்தில், ஆராய்ச்சிச் சங்கம் என்ற குணமே கரைந்துவிடும் என்ற பயம்.

அந்த நிறுவனத்தின் உறுப்பினர்கள் சம்மதித்தார்கள். லண்டன் சங்கத்தின் உறுப்பினர்கள் 2009 மே 29 அன்று மறுத்துவிட்டார்கள். வேண்டாம் 591, வேணும் 458. மேலே இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டிய பிறகு, கீழே இருந்து ஒரு "இல்லை". வித்தியாசம் 133தான். 67 பேர் பக்கம் மாறியிருந்தால் பெரும்பான்மை மறுபக்கம் போயிருக்கும். டியூபில் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிடும் ஆட்கள்!

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு. "எங்கட ஆக்கள் ஒரு சங்கத்தை ரெண்டாக்கத்தான் வோட்டுப் போடுவினம். ரெண்டை ஒண்டாக்க வோட்டுப் போட்ட கதை இப்பத்தான் கேள்விப்படுறன்."

அந்த முடிவு சரியா, பிழையா? எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. தோற்ற பிறகு கதிரை பறக்கவில்லை என்பது மட்டும் பிடித்திருக்கு. இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. கணிதத்தைப் பொதுமக்களிடம் கொண்டுபோகிறவர்களுக்கான கிறிஸ்டோபர் சீமன் பதக்கத்தை இரண்டும் சேர்ந்தே வழங்குகின்றன.

சங்கத்தில் ஒரு உறுப்பினர் புத்தகம் உண்டு. 1865இலிருந்து கையெழுத்துகள். புதிதாகச் சேர்ந்தவர்கள் கூட்டத்துக்கு வந்தால் கையெழுத்துப் போடலாம். நானும் போட்டேன், போட்டோவும் எடுத்தேன், இன்ஸ்டாவிலும் போட்டேன். வோட்டு மட்டும் போடவில்லை.

இந்த வருசம் இமெயில் வந்ததும் திறப்பேன். நிற்கிறவர்கள் எழுதியதைப் படிச்சுப் போட்டுத்தான் பட்டனை அழுத்துவேன். நீங்களும் இன்பாக்ஸில் ஒருக்கா தேடிப் பாருங்கோ. கணிதச் சங்கமோ, கம்ப்யூட்டர் சங்கமோ, வேலையிட யூனியனோ, ஏதோ ஒன்றின் வாக்குச் சீட்டு திறக்காமல் கிடக்கும். கிடைச்சால் எங்களுக்கு எழுதுங்கோ. அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுறன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.