ஓட்டு இல்லை, ஊசி மட்டும் உண்டு

2018 டிசம்பர் 30 அன்று காங்கோ ஜனநாயகக் குடியரசில் அதிபர் தேர்தல். நாடே வாக்குச்சாவடிக்குப் போய்க்கொண்டிருக்க, கிழக்கே உகாண்டா எல்லைக்கு அருகிலுள்ள பெனி நகரில் சாவடிகள் திறக்கவில்லை. எபோலா பரவுகிறது, பாதுகாப்பும் சரியில்லை என்று காரணம் சொல்லி, பெனியிலும் பக்கத்து நகரமான புட்டெம்போவிலும் வாக்குப்பதிவை மார்ச் மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தது தேர்தல் ஆணையம். அறிவிப்பு வந்ததே தேர்தலுக்கு நான்கு நாள் முன்புதான். புதிய அதிபரோ ஜனவரியிலேயே பதவியேற்றுவிடுவார். பெனி மக்கள் தாங்களாகவே பெட்டி வைத்து, வரிசையில் நின்று, எந்தக் கணக்கிலும் சேராத ஓட்டைப் போட்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு அதே ஊரில், எபோலா இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களை வைத்திருந்த மையத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து சூறையாடியது. உள்ளே இருந்தவர்கள் பயந்து ஓடினார்கள். தொலைவில் இருந்து படிப்பவருக்கு இது படிப்பறிவில்லாத ஜனங்களின் வெறியாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சந்தைக்குப் போகலாம், சர்ச்சுக்குப் போகலாம், ஓட்டுப் போட மட்டும் கூடாது என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதுவும் எதிர்க்கட்சிக்குச் செல்வாக்குள்ள பகுதியில்.

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். பெனி வட்டாரத்தில் 2014 அக்டோபரிலிருந்தே கிராமம் கிராமமாகப் படுகொலைகள் நடந்துவந்தன. ராணுவம் இருந்தது, ஐ.நா. அமைதிப்படை இருந்தது, கொலைகள் நிற்கவில்லை. 2018 ஆகஸ்ட் 1 அன்று எபோலா அறிவிக்கப்பட்டதும் காட்சி மாறியது. வெளியூர் ஆட்கள், வரிசை வரிசையாக ஜீப்புகள், சில இடங்களில் துப்பாக்கி ஏந்திய காவல். எங்களை வெட்டிக் கொன்றபோது எங்கே போனீர்கள் என்று மக்கள் கேட்டார்கள். வாடகைக்கு எடுத்த வண்டிகளையும் புதிதாக முளைத்த சம்பளங்களையும் பார்த்து இதை ‘எபோலா வியாபாரம்’ என்றார்கள். அதே காலத்தில் நாடு முழுவதும் தட்டம்மை பரவி 6,000 பேருக்கு மேல் பலிவாங்கியது, பெரும்பாலும் குழந்தைகள். எபோலாவில் இறந்தவர்களைவிட இது இரண்டு மடங்குக்கும் அதிகம். அதற்காக யாரும் இப்படி ஓடிவரவில்லை என்பதைப் பெற்றவர்கள் கவனிக்காமலா இருப்பார்கள்?

நோய் அறிவிக்கப்பட்ட அடுத்த மாதமே பெனியிலும் புட்டெம்போவிலும் 961 பேரிடம் ஆய்வாளர்கள் நடத்திய கணிப்பு ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் இதழில் 2019இல் வெளிவந்தது. நான்கில் ஒருவர் எபோலா என்று ஒன்று இல்லவே இல்லை என்றார். உள்ளூர் அதிகாரிகள் தங்கள் நலனுக்காக வேலை செய்வார்கள் என்று நம்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதிகாரிகள்மேல் நம்பிக்கை குறைந்தவர்கள்தான் தடுப்பூசியை ஏற்கவும் ஆஸ்பத்திரிக்குப் போகவும் அதிகம் தயங்கினார்கள் என்று அதே ஆய்வு காட்டியது.

அவநம்பிக்கை எப்படி உயிரைப் பறிக்கிறது என்பது புரிய இந்த வைரஸ் இயங்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். உடலுக்குள் போனபின் 2 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, அசதி என்று தொடங்கும். மலேரியா சர்வசாதாரணமான ஊரில் இதை யார் எபோலா என்று நினைப்பார்கள்? அறிகுறி தோன்றும்வரை நோய் கண்டவரிடமிருந்து பிறருக்குத் தொற்றாது. நோய் முற்ற முற்ற ரத்தத்திலும் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் வைரஸ் பெருகும். இறந்த உடலில்தான் ஆபத்து உச்சம். ஆக, வீட்டிலேயே ஒருவர் இறந்தால், கடைசி நாட்களில் துடைத்துவிட்ட கைகளுக்கும் இறந்தபின் குளிப்பாட்டிய கைகளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும். 2019 மார்ச்சில், எபோலா மரணங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் சிகிச்சை மையங்களுக்கு வெளியேதான் நிகழ்கின்றன என்றது ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு. அதற்குச் சில நாள் முன்புதான் புட்டெம்போவிலும் அதை ஒட்டிய கட்வாவிலும் அவர்களது மையங்கள் தாக்கப்பட்டு மூடப்பட்டிருந்தன.

தடுப்பூசி இருந்தது, அதுவும் நல்ல தடுப்பூசி. ஆனால் ஊருக்கே போடும் திட்டமல்ல அது. நோயாளியுடன் பழகியவர்கள், அவர்களுடன் பழகியவர்கள் என்று வளையமாகத் தேடிப் போட வேண்டும். பாதுகாப்பு கிடைக்கப் பத்து நாள் ஆகும். அந்த வளையம் நோயாளி சொல்லும் பெயர்களால் ஆனது. பெயர் கேட்பவரை நம்பாதவர் தம்பி பெயரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயரையும் சொல்ல மாட்டார். சொல்லாத ஒவ்வொரு பெயரும் வளையத்தில் ஒரு ஓட்டை.

எல்லாவற்றிலும் கொடியது தாமதம்தான். 2018 நவம்பரில் இங்கே நான்கு மருந்துகளை ஒப்பிட்டு ஒரு சோதனை தொடங்கியது. அவற்றில் இரண்டு ஆன்டிபாடி மருந்துகள் தெளிவாக முந்தின. வைரஸ் குறைவாக இருக்கும்போதே வந்து இவற்றைப் பெற்றவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைத்தார்கள். எபோலா வரலாற்றில் இது பெரிய செய்தி. அதே சோதனையில் இன்னொரு உண்மையும் தெரிந்தது: அறிகுறி தோன்றி ஒரு நாளுக்குள் வந்தவர்களில் இறந்தவர்கள் 19 சதவீதம், ஐந்து நாள் நோயோடு கிடந்தபின் வந்தவர்களில் 47 சதவீதம். பயந்து தாமதித்தவர் மையத்தில் இறக்கிறார். உயிரோடு போனவர் மூடிய பைக்குள் திரும்பி வருவதைத் தெருவே பார்க்கிறது. அங்கே போனால் பிணம்தான் வரும் என்று முடிவு கட்டுகிறது. அடுத்த நோயாளி இன்னும் தாமதமாக வருகிறார். அந்தத் தெரு கண்ணால் கண்டதை வைத்துத்தான் முடிவெடுத்தது என்பதை மறக்கக் கூடாது.

கண்ணால் காண்பதை மாற்றியவர்களும் இருந்தார்கள். ‘அலிமா’ என்ற மருத்துவ அமைப்பு ‘கியூப்’ என்ற அறையைக் கொண்டுவந்தது. சுவர் முழுக்க ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். நீளக் கையுறைகள் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். செவிலியர் விண்வெளி வீரர் மாதிரி உடை மாட்டாமல், வெளியே நின்றபடியே கையை நுழைத்து ஊசி போடலாம், நோயாளிக்கு அவர் முகம் தெரியும். பிள்ளையைச் சேர்த்த தாய் பிளாஸ்டிக்குக்கு இந்தப் பக்கம் நின்று, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம், பேசலாம். எபோலாவிலிருந்து பிழைத்த பெண்களுக்கு நோய் எதிர்ப்பு வந்துவிட்டதால், தாய் சிகிச்சையில் இருக்கும் கைக்குழந்தைகளைத் தூக்கி வளர்க்கும் வேலையை அவர்கள் ஏற்றார்கள். அங்கே போய்ப் பிழைத்து வந்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கும்போது அதற்கு மேல் எந்தப் பிரச்சாரமும் தேவைப்படாது.

இத்தனையும் உயிரைக் கொடுத்து நடந்தவை. 2019 ஏப்ரல் 19 அன்று புட்டெம்போ பல்கலைக்கழக மருத்துவமனையில் கேமரூன் நாட்டு மருத்துவர் ரிச்சர்ட் முசோகோ சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்றவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. அதே நேரம், உதவிக்கு வந்தவர்களில் சிலர் வேலை தருவதாகச் சொல்லிப் பெண்களைப் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கியதையும் மறைக்க முடியாது. இது குறித்து 2021 செப்டம்பரில் வெளிவந்த விசாரணைக் குழு அறிக்கை 83 பேர்மீது குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. அவர்களில் 21 பேர் உலக சுகாதார அமைப்பின் ஆட்கள். வந்தவர்களை நம்பாதே என்று பேசப்பட்டதெல்லாம் வதந்தி மட்டுமே என்று இனி யார் சொல்ல முடியும்?

2020 ஜூன் 25 அன்று தொற்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது 3,470 பேரைத் தாக்கி 2,287 உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. 2021 பிப்ரவரியில் புட்டெம்போ பகுதியில் எபோலா மறுபடி தலைகாட்டியது. இந்த முறை முன்னின்றவர்கள், முந்தைய தொற்றில் வேலை பழகிய காங்கோ நாட்டுச் சுகாதாரப் பணியாளர்கள். மூன்று மாதத்தில் கட்டுக்குள் வந்தது. நோய் கண்டவர்கள் 12 பேர், இறந்தவர்கள் 6 பேர்.