ரோஜாப்பூவுக்குப் பின்னால் எங்கள் மைனி!

நேரில் பார்த்தவன் சொல்கிறேன். ஒரு ஆய்வுத் தலைப்பு பிறந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கீழப்பாவூரில், அக்கா வீட்டுத் திண்ணையில், சனிக்கிழமை சாயங்காலம், கரண்டு போயிருந்த நேரத்தில். வலி எடுத்தது வியாழக்கிழமை. மருத்துவச்சி வேலை பார்த்தது ஒரு சுளகு நிறைய பீடி இலை.

நான் அங்கே எப்படி மாட்டினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாரல் விழுது என்று ஆசை ஆசையாகக் குற்றாலத்துக்கு வந்தால், மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுகிறது. குளிக்கத் தடை! துண்டும் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் பையிலேயே கிடக்க, பாவூர்சத்திரத்தில் இறங்கி அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வாசலிலேயே அக்கா மகள் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க பத்திரிகையில எழுதுறவங்கதானே? எனக்கு ஒரு டாபிக் வேணும்."

முதுகலை இரண்டாம் வருஷம். பத்துப் பக்கத்தில் ஒரு பேப்பர் எழுதி, துறைக் கருத்தரங்கில் வாசிக்க வேண்டும். கல்லூரியில் கொடுத்த பொதுத்தலைப்பு, 'இணைய அவதாரங்களும் சுய வெளிப்பாடும்'. அதற்குள்ளே சொந்தமாக ஒன்றைப் பிடித்து, திங்கட்கிழமை காலையில் கைடு முன்னால் நிற்க வேண்டும். அவளிடம் ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. அதில் பதினோரு தலைப்பு. பதினொன்றும் அடித்திருந்தது. அடித்த தலைப்புகளைப் படிக்கிற சுகம் இருக்கிறதே, அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கிற மாதிரி!

முதலாவதாக அடிபட்டுக் கிடந்தது மெட்டாவர்ஸ். விஷயம் என்னவோ ஜோர்தான். 2022 பிப்ரவரி 6ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டியது நிஜ ஊரில். வரவேற்பு நடந்தது கணினிக்குள், ஹாரி பாட்டர் கோட்டை மாதிரி கட்டிய ஒரு மாயக்கோட்டையில். விருந்தாளிகள் அவரவர் வீட்டில் இருந்தபடி பொம்மை உருவத்தில் போய் நின்றார்கள். பெண்ணின் காலமாகிவிட்ட அப்பாவும் அவதாரமாக வந்து நின்றார். அந்த இடத்தைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. எனக்கும்தான்.

"பின்னே ஏன் அடிச்சே?"

"கைடு ஒரே கேள்வி கேட்டாங்க மாமா. 'நீ மெட்டாவர்ஸுக்குள்ள போயிருக்கியா? போனவங்க யாரையாவது உனக்குத் தெரியுமா?' நான் ரெண்டுக்கும் இல்லைன்னேன். அடுத்த டாபிக்னு சொல்லிட்டாங்க."

அந்தக் கைடு அம்மாவை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க வரலாறு. இங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் தலைகால் புரியாமல் ஆடிவிட்டோம். கணினித் திரையில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவத்துக்கு 'அவதார்' என்ற பெயர் எங்கிருந்து போனது என்று பார்த்தால், எல்லாம் நம் பெருமாள் சரக்கு. 1985இல் 'அல்டிமா 4' என்ற விளையாட்டின் தலைப்பிலேயே அவதார் வந்துவிட்டது. மறுவருஷம் லூகாஸ்ஃபிலிம் ஆட்கள் செய்த 'ஹாபிடாட்' விளையாட்டில், ஆடுகிறவரின் படத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள். 1992இல் நீல் ஸ்டீபன்சன் 'ஸ்னோ கிராஷ்' நாவலில் எழுத, ஊர் உலகமெல்லாம் பரவிவிட்டது. மேலிருந்து கீழே இறங்கி வருவது அவதாரம். அவர்கள் கணக்கில், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனுஷன்தான் மேலே. திரைக்குள்ளே இறங்குவது அவன் எடுத்த உருவம். என்ன துணிச்சல்!

இதைக் கேட்டதும் அக்கா மகள் செருப்பை மாட்டிவிட்டாள். "வாங்க மாமா, ஒரிஜினலைப் பார்ப்போம்." கீழப்பாவூரில் ஒரிஜினலுக்கு எங்கேயும் அலைய வேண்டாம். பதினாறு கை நரசிம்மர் ஊருக்குள்ளேயே இருக்கிறார். சுவாதி நட்சத்திரம் என்றால் கூட்டம் தாங்காது. அன்று நல்லவேளை சுவாதி இல்லை. பாதி சிங்கம், பாதி மனுஷன், பதினாறு கை. "எந்த ஆப்புல மாமா இத்தனை ஆப்ஷன் குடுப்பான்?" என்று அவள் காதில் கிசுகிசுக்க, எனக்குச் சிரிப்பு வந்து, பக்கத்தில் நின்ற ஆச்சி முறைக்க, தீர்த்தம் வாங்கிக்கொண்டு வெளியே ஓடி வந்தோம்.

குளத்தங்கரையில் உட்கார்ந்தும் வாய் ஓயவில்லை. குற்றாலத்துச் சித்திர சபையை எடுத்துக்கொள்ளுங்கள் (இது நான்). சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். ஐந்தாவது சபையான குற்றாலத்தில் மட்டும் நடராஜர் சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். சாமியே படம் போட்டுக்கொண்ட ஊரப்பா இது! அடுத்து அவள் ஆரம்பித்தாள், குலசை தசரா. முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு, காப்புக் கட்டி, காளி, கரடி, ராஜா, கிழவி என்று வேஷம் போட்டு, வீடு வீடாகக் காணிக்கை வாங்கி, சூரசம்ஹாரத்தன்று குலசேகரன்பட்டினத்தில் கொண்டுபோய்ச் செலுத்துகிறவர்கள். எங்கள் தெருவிலேயே ஒருவர் வருஷா வருஷம் கிழவி வேஷம். மற்ற நாளில் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். சேலை கட்டிக் கம்பு ஊன்றிவிட்டால், அடேயப்பா, தெருவையே ஏலத்தில் விடுவார்!

இதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்: புரோட்டியஸ் விளைவு. நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் என்று இரண்டு பேர், ஸ்டான்ஃபோர்டில், 2007இல் எழுதியது. உயரமான அவதாரம் கொடுத்தால், அதைப் போட்டுக்கொண்டவர் பணம் பங்கு பிரிக்கிற பேச்சில் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார். குட்டை அவதாரம் கிடைத்தவர் சீக்கிரம் இறங்கி வந்துவிடுகிறார். உருவம் ஆளை ஆட்டிவைக்கிறது. எங்கள் தெருக் கிழவிக்கு இது எப்போதோ தெரியும்.

ஆனால் ராத்திரி தோசை சாப்பிடும்போது அவள் முகம் தொங்கிப்போயிற்று. "எல்லாம் நல்லாத்தான் மாமா இருக்கு. ஒவ்வொண்ணும் ஒரு புஸ்தகம். நான் பத்துப் பக்கம்லா எழுதணும்?"

எனக்கும் அதே நோய் உண்டு. கட்டுரைக்கு உட்கார்ந்தால் முதலில் மேகத்தில்தான் ஏறுவேன். இறங்கி வர இரண்டு நாள் பிடிக்கும்.

சனிக்கிழமை. கரண்டு போய்விட்டது. ஃபேன் இல்லை, டிவி இல்லை, அவள் போனில் பதினாலு சதவீதம் சார்ஜ். சும்மா இருக்க முடியாமல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, ஒவ்வொருவர் டிபியாகத் தட்டித் தட்டிப் பெரிதாக்கிப் பார்க்க ஆரம்பித்தோம். வம்புதான், ஒத்துக்கொள்கிறேன். அதைவிடச் சுகமான வம்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை!

பெரியப்பாவுக்கு வெறும் சாம்பல் நிற ஆள் உருவம். டிபி என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி விறைத்த போட்டோ, அதுவும் சாய்ந்திருந்தது. சந்தையில் கமிஷன் கடை வைத்திருக்கும் அத்தானுக்குக் கடை போர்டு. அண்ணன் மகனுக்கு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு ஹீரோ. அவன் முன்பு ஃப்ரீ ஃபயர் வீரன். 2022இல் அதை அரசு தடை செய்த நாள் பிப்ரவரி 14. காதலர் தினத்தில் அவன் மாதிரி அழுத பையனைக் கீழப்பாவூர் பார்த்திருக்காது. அடுத்தது என் டிபி. தலை நிறைய முடியோடு ஒருவர் சிரிக்கிறார். "இது யாரு மாமா?" என்றாள் பாதகத்தி. பத்து வருஷத்துப் போட்டோ. மேலே போவோம்.

மேலே போகப் போகத்தான் அவள் விரல் மெதுவாயிற்று. சித்தி: குழந்தைக் கிருஷ்ணன். பெரியம்மை: குத்துவிளக்கு. மதுரை அக்கா: மகன் பள்ளிக்கூட யூனிஃபார்மில். இன்னொரு சித்தி: தாமரை. மைனி: சிவப்பு ரோஜா. ஆண்கள் கூலிங்கிளாஸும் பைக்கும் குற்றால அருவியுமாக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்க, கல்யாணமான பெண்களில் சொந்த முகத்தைத் தனியாக வைத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிட்டோம்.

"மாமா..." என்றாள். அந்த 'மாமா' வேறு மாதிரி இருந்தது.

நேரே சுவரேறிக் குதிக்காத குறையாகப் பக்கத்து வீடு. எனக்கு மைனி, அவளுக்கு அத்தை. நடையில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் சுளகு, சுளகில் வெட்டின இலை, தூள், நூல்கண்டு. மைனி பீடி சுற்றும்போது கையைப் பார்க்கவே மாட்டாள். இலையில் தூளைப் போட்டு, உருட்டி, முனையை மடக்கி, நூலைச் சுற்றி அறுத்து, அடுத்தது. பேச்சு அது பாட்டுக்கு நடக்கும்.

"அத்தை, டிபியில ஏன் ரோசாப்பூ வச்சிருக்கீங்க?"

"ஏட்டி, இதெல்லாம் ஒரு கேள்வியா? நல்லாருக்கு, வச்சேன்."

செத்தது பேட்டி. நான் தலையிடப் போனேன். அவள் என் காலை மிதித்துவிட்டு வேறு மாதிரி கேட்டாள்.

"இதுக்கு முன்னால என்ன வச்சிருந்தீங்க?"

கை நிற்கவில்லை. ஆனால் வேகம் குறைந்தது. "என் போட்டோ தான் வச்சேன். நம்ம பிரியா கல்யாணத்துக்குப் பட்டு கட்டி எடுத்தது. ஒரே நாள். உங்க மாமா ஒண்ணும் சொல்லல. கடையில பீடி போடப் போனேன், அங்க ஒருத்தன், 'அக்கா, டிபி சூப்பர்'ன்னான். வந்ததும் எடுத்துட்டேன்."

"தெரிஞ்சவங்களுக்கு மட்டும் காட்டுன்னு செட்டிங்ல போடலாம்லா அத்தை?"

"போட்டுத்தான் இருக்கு. அவன் நம்பரும் என் போன்ல இருக்குல்லா? பீடிக்கடை, கேஸ் போடுறவன், மகளிர் குழு, பள்ளிக்கூடத்து வேன்காரன்... சோலிக்காக நம்பரைக் குடுத்தா மூஞ்சியும் சேர்ந்துல்லா போகுது."

நானும் அக்கா மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளுக்குள் மத்தாப்பு! நிறுவனங்கள் 'உங்கள் தொடர்பில் உள்ளவர்கள்' என்று ஒரே கூடையில் போடுகிற எல்லாரையும், மைனி பீடி சுற்றிக்கொண்டே இரண்டாகப் பிரித்துவிட்டாள்: சொந்தம், சோலி. ஃபேஸ்புக் 2017 ஜூனில் முகப்படத்தைச் சுற்றி நீலக் கரை கட்டி, மற்றவர் இறக்கிக்கொள்ள முடியாதபடி பூட்டுகிற வசதியை முதன்முதலில் இந்தியாவில்தான் கொண்டுவந்தது. படத்தை யார் என்ன செய்வார்களோ என்று பயந்து இங்கே பெண்கள் பலர் முகத்தையே வைப்பதில்லை என்று கேட்டறிந்த பிறகு செய்த ஏற்பாடு அது. மைனிக்கு அந்தப் பூட்டும் உதவாது. அவள் பயந்தது படம் களவு போகும் என்று இல்லையே. அவன் 'சூப்பர்' என்று சொன்னதுதான் அவளுக்கு உறுத்தல்.

அக்கா மகள் விடவில்லை. "சரி, அதுக்கு ரோசா எதுக்கு? கூகுள்ல எடுத்ததா?"

அப்போதுதான் மைனி முதல் தடவையாகக் கையை நிறுத்தினாள். கோபம்! "கூகுளா? ஏட்டி, அது நம்ம வீட்டுச் செடி. பின்னால தொட்டியில நிக்கே, அது. காலையில அஞ்சரைக்கு, இதழ்ல தண்ணி நிக்கும்போது நான் எடுத்தது. இருபது போட்டோ எடுத்து ஒண்ணு வச்சிருக்கேன்."

இருபது! என் போட்டோவுக்கு நான் இரண்டுதான் எடுத்தேன்.

மைனியிடம் இன்னொரு ருசுவும் கிடைத்தது. 2025 செப்டம்பரில் ஊரெல்லாம் 'அரட்டை' செயலியை இறக்கிய சமயம், மைனியும் இறக்கினாள். நம்ம தென்காசி மத்தளம்பாறையில் ஆபீஸ் போட்டிருக்கிற ஜோஹோக்காரர்கள் செய்ததாச்சே, அந்தப் பாசம். புது வீடு, புது வாசல். அங்கே பீடிக்கடைக்காரன் இன்னும் வரவில்லை. முகத்தை வைத்திருக்கலாம். வைத்தது அதே ரோஜா. "அதுதான் நான்னு எல்லாருக்கும் தெரியும்லா" என்றாள். வாட்ஸ்அப் 2022 டிசம்பரில் கொண்டுவந்த பொம்மை அவதாரத்தையும் மகன் செய்து கொடுத்திருக்கிறான். "அது என்னை மாதிரியே இல்ல" என்று தள்ளிவிட்டாளாம். ரோஜா மட்டும் அவளை மாதிரி இருக்கிறது!

திண்ணைக்குத் திரும்பி வரும் வழியிலேயே தலைப்பு வந்துவிட்டது: 'முகமில்லா முகப்படம்: கீழப்பாவூர்ப் பீடித் தொழிலாளிப் பெண்களின் வாட்ஸ்அப் படத் தேர்வு'. கரண்டு அப்போது வந்தது என்று எழுத ஆசைதான், வரவில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் நோட்டில் எழுதினாள். யாரைக் கேட்பது? தெருவில் பத்துப் பேர். என்ன கேட்பது? 'ஏன்' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. 'கடைசியா எப்ப மாத்துனீங்க, முன்னால என்ன இருந்துச்சு' போதும். பெயர், நம்பர் எதுவும் பேப்பரில் வராது. படத்தைப் போடுவதானால் மறுபடி வந்து கேட்டுவிட்டுத்தான். நரசிம்மரையும் சித்திர சபையையும் முன்னுரையில் ஒரு பத்தியாவது செருகச் சொன்னேன். "வேண்டாம் மாமா, அது உங்க கட்டுரைக்கு வச்சிக்கோங்க" என்றாள். வைத்துக்கொண்டேன், பார்த்தீர்கள்தானே.

ஞாயிறு ராத்திரி கைடுக்குத் தலைப்பை அனுப்பினாள். இரண்டு நீல டிக். பதில் வரும்வரை சும்மா இருப்போமா? கைடு அம்மாவின் டிபியைத் தட்டினோம். ஒரு மயிலிறகு, புத்தகத்தின் நடுவில்! நாங்கள் சிரித்த சிரிப்பில் அக்கா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. 'நல்லது. என்னையும் கேட்பாயா?'

நான் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இருந்தபோது அக்கா மகளிடமிருந்து அலறல்: "மாமா, உடனே அத்தை டிபியைப் பாருங்க!" பார்த்தேன். மைனி மாற்றிவிட்டாள்.

மஞ்சள் ரோஜா.