மேல்நாட்டுக்கு எழுந்தருளிய உடையவர்

சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ஸ்ரீபெரும்புதூரில் நடைபெறும் அவதார உற்சவத்தில் ஒரு நாளுக்கு 'வெள்ளை சாற்று' என்று பெயர். எப்போதும் காஷாயம் தரித்துச் சேவை சாதிக்கும் யதிராஜர், அன்று வெண்ணிற ஆடையில் எழுந்தருளுவார். துறவிக்கு வெள்ளை ஏன் என்று பேரக்குழந்தை கேட்டால், அவர் நாடு துறந்த வரலாற்றைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

'மேல்நாட்டுக்கு எழுந்தருளினார்' என்று அந்த நிகழ்ச்சியைப் பூர்வாசாரியர்கள் வழங்குவர். மேல்நாடு என்றால் இன்று நமக்குக் கடல் கடந்த தேசங்களே நினைவுக்கு வருகின்றன. அந்நாளில் அச்சொல், மேற்கே மலைகளுக்கு அப்பால் போசள மன்னர்கள் ஆண்ட கன்னட தேசத்தைக் குறித்தது. அரசு வேறு, மொழி வேறு, உணவு வேறு. 1017ஆம் ஆண்டு அவதரித்த உடையவர் அப்போது முதுமையை எட்டியிருந்தார். திருவரங்கமும் காவிரியும் பெரியபெருமாள் சந்நிதியுமே வாழ்க்கையாக இருந்தவர், அந்த வயதில் ஊரை விட்டு நடந்தார்.

வைணவ மரபு கிருமிகண்ட சோழன் என்று குறிப்பிடும் அரசனின் ஆட்கள் உடையவரை அழைத்துச் செல்ல மடத்துக்கு வந்தனர். அவன் எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவ்வாராய்ச்சி இங்கே வேண்டுவதும் இல்லை. உடையவர் நீராடச் சென்றிருந்த வேளையில், கூரத்தாழ்வான் அவருடைய காஷாயத்தையும் திரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, தாமே இராமாநுசர் போல அரசவைக்குப் புறப்பட்டுவிட்டார். வயது முதிர்ந்த பெரியநம்பியும் உடன் சென்றார். திரும்பி வந்த உடையவருக்கு எஞ்சியிருந்தது ஆழ்வானுடைய வெள்ளை ஆடை. அதை உடுத்திக்கொண்டே அவர் சீடர்களுடன் மேற்கு நோக்கி நடந்தார். தம் இடத்தில் வேறொருவர் சென்றிருக்கிறார் என்று அறிந்தபின் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் எவ்வளவு கனத்திருக்கும்!

காட்டிலும் மலையிலும் பட்டினியோடு நடந்தவர்களுக்கு, நல்லான் சக்கரவர்த்தியின் அன்பர்களான வேடர்கள் தேனும் தினையும் அளித்து உபசரித்தனர். பின்னர் ஓர் அந்தணர் இல்லத்துக்கு வந்து சேர்ந்தனர். அவ்வீட்டு அம்மையாரைக் கொங்குப்பிராட்டி என்று குருபரம்பரை போற்றுகிறது.

இந்த அம்மையாரின் வரலாறு எத்தனை முறை கேட்டாலும் தெவிட்டாதது. பல ஆண்டுகளுக்கு முன் தம் நாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தபோது, அவரும் கணவரும் பிழைக்க வழி தேடித் திருவரங்கம் வந்து தங்கியிருந்தனர். பிக்ஷைக்கு எழுந்தருளும் ஒரு துறவியைப் பெரியோர்கள் வணங்குவதைக் கண்டு வியந்து, அவரையே அணுகிக் காரணம் கேட்டார். ஊர் பேர் தெரியாத அந்தப் பெண்ணுக்கு உடையவர் துவயத்தை உபதேசித்தருளினார். நாட்டில் மழை பெய்து ஊர் திரும்பும்போது, அவருடைய பாதுகைகளையும் வேண்டிப் பெற்றுச் சென்றார்.

இப்போது அவர் வீட்டு வாசலில் களைத்த அடியார் கூட்டம் ஒன்று நிற்கிறது. அமுது செய்ய அழைத்தால், முன்பின் அறியாத இல்லமாயிற்றே என்று தயங்குகிறார்கள். தாம் உடையவரிடம் உபதேசம் பெற்றவர் என்று சொல்லித் தளிகை செய்கிறார். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவரச் சீடர் ஒருவரை உடையவர் அனுப்புகிறார். தளிகையை அந்தப் பழைய பாதுகைகளுக்கு முன் வைத்துக் கண் மூடித் தியானித்திருக்கிறார் பிராட்டி! பிறகு அவர் வந்திருந்தோரின் திருவடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, வெள்ளை உடுத்தியிருந்த ஒருவரிடம் நின்றார். காஷாயமும் திரிதண்டமும் இல்லாவிட்டாலும் திருவடிகள் அவருக்குத் தெரிந்திருந்தன. பஞ்சகாலத்தில் வெளியூராளாக வந்த பெண்ணுக்குத் திருவரங்கத்தில் கிடைத்த ஆதரவு, அதை அளித்தவர் வெளியூராராக வந்தபோது அவரிடமே திரும்பி வந்தது.

அங்கிருந்து சாளக்கிராமம் சென்றார். அங்கேதான் வடுகநம்பி அடிபணிந்தார். பிறகு தொண்டனூர். பிட்டிதேவன் விஷ்ணுவர்த்தனன் ஆன வரலாறு பலரும் அறிந்ததே.

பலரும் கவனியாத ஒன்று, கையிலிருந்த திருமண் தீர்ந்துபோனது. பெரிய இழப்புகளையெல்லாம் தாங்கிய மனமும் இத்தகைய சிறிய குறை ஒன்றில் கலங்கும். மகன் வீட்டுக்கு விமானம் ஏறிய முதியோர் பலருக்கு இது விளங்கும். கொண்டுபோன விபூதிப் பொட்டலமோ திருமண் கட்டியோ தீரும் நாளில்தான் ஊர் எவ்வளவு தொலைவு என்று உறைக்கிறது. கவலையோடு கண்ணயர்ந்த உடையவரின் கனவில் எம்பெருமான் தோன்றி, திருமண் யாதவாத்திரியில் இருக்கிறது, தானும் அங்கேதான் இருக்கிறேன் என்று உணர்த்தினான். துளசிக் காட்டைத் திருத்திச் சென்றபோது திருநாராயணன் வெளிப்பட்டான், திருமண்ணும் கிடைத்தது. மேல்கோட்டைத் திருமண் இன்றளவும் பெயர் பெற்றது.

ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. கோயில் எடுப்பித்தார், செல்வப்பிள்ளையை எழுந்தருளப் பண்ணினார், வழிபாட்டு முறைகளை வகுத்தார், துணைநின்ற எளிய மக்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து ஆலயத்தில் உரிமை அளித்தார். ஆண்டுகள் பன்னிரண்டு ஓடின என்பது மரபு.

இடையே திருவரங்கத்திலிருந்து வந்த செய்தி இடியாக இறங்கியது. அரசவையில் ஆழ்வான் தம் கண்களை இழந்தார். பெரியநம்பி பரமபதித்துவிட்டார். ஆழ்வான் ஊர் திரும்பியபோது, உடையவர் சம்பந்தம் உடையோருக்குக் கோயிலில் இடமில்லை என்று காவலர்கள் தடுத்தனர். நல்லவராகிய நீர் மட்டும் போகலாம் என்று விலக்கும் அளித்தனர். அந்தச் சம்பந்தத்தை விட்டுக் கிடைக்கும் சேவை வேண்டாம் என்று ஆழ்வான் திருமாலிருஞ்சோலைக்குப் போய்விட்டார். வெளியேறியவர் ஒருவர் என்று நினைக்கிறோம். ஊரருகே இருந்தவருக்கும் ஊர் இல்லாமல் போயிற்று.

சோழன் மறைந்த செய்தி வந்தபின் உடையவர் திருவரங்கம் திரும்பத் திருவுள்ளம் கொண்டார். இப்போது கலங்கியது மேல்கோட்டை. ஐம்பத்திருவர் எனப்படும் அடியார்கள் பிரிவாற்றாமல் அழுதனர். அவர்களுக்காகத் தம்மைப் போன்ற விக்ரகம் ஒன்றைச் சமைக்கச் செய்து, தம் ஆற்றலை அதில் வைத்து, தாம் அங்கேயே இருப்பதாகக் கொள்ளுமாறு கூறிப் புறப்பட்டார். அதுவே தமர் உகந்த திருமேனி. அகதியாக வந்த ஊரிலிருந்து அவர் விடைபெறுவது அவ்வளவு கடினமாகியிருந்தது.

திருவரங்கத்தில் பெருமாளைச் சேவித்தபின், திருமாலிருஞ்சோலையிலிருந்து திரும்பிய ஆழ்வானைக் கண்டார். ஆழ்வானால் அவரைக் காண முடியவில்லை. அவர் கீழே விழுந்து உடையவரின் திருவடிகளைப் பற்றிக்கொண்டார். உடையவர் அவரை வாரி எடுத்து அணைத்துக்கொண்டு, நெடுநேரம் பேச முடியாமல் கண்ணீர் உகுத்தார்.